பன்னெண்டாவது வண்டி

"பதினோரு வண்டி பாத்தாச்சுங்க அம்மிணி. ஒண்ணும் அமையல."

சென்னியப்பன் இதச் சொன்னப்ப மேபல் ஒரு காருக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தாங்க. வெளிய தெரிஞ்சது ரெண்டு செருப்பு மட்டும்தான்.

"பதினோரு வண்டியும் உங்களப் பாத்திருக்குமேங்ணா," அடியில இருந்து பதில் வந்துச்சு. "அதுக என்ன சொல்லுச்சுங்க?"

சென்னியப்பன் சட்டப்பையத் தடவி நோட்டு இருக்கான்னு பாத்துக்கிட்டாரு.

அவருக்கு வயசு அம்பத்திநாலு. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுல தரம் பாக்கற அதிகாரி. முப்பது வருஷமா நூல்ல குறை கண்டுபிடிக்கறதுதான் பொழப்பு. தடிப்பு, மெலிவு, முடிச்சு. ஆயிரம் மீட்டர் நூல்ல ஒரே ஒரு முடிச்சு இருந்தாலும் அது அவரு விரலத் தேடி வந்து மாட்டிக்கும்.

மேபலுக்கு நாப்பத்தொண்ணு. சுந்தராபுரத்துல கார் ஒர்க் ஷாப் வெச்சிருக்காங்க. கோயமுத்தூர்ல ரேஸ் ஓட்டறவங்க வண்டியெல்லாம் அங்கதான் வரும். வர்றவங்க எல்லாம் அவங்கள "வாத்தியாரே"ன்னுதான் கூப்புடுவாங்க. பதிமூணு வயசு சின்னவங்கள அப்படிக் கூப்புட சென்னியப்பனுக்கு வாய் வரல. ஆனா சனிக்கிழமையானா சிஷ்யனாட்டம் வந்து நின்னுருவாரு.

அவருகிட்ட ஒரு வெள்ளக் கார் இருந்துச்சு. கியரெல்லாம் தானா விழுகற வண்டி. எட்டு வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல, ஒரு நாள் இருமுனதில்ல. அதுல ஒரு குறை சொல்லுங்கன்னா சென்னியப்பனாலயே முடியாது.

பிரச்சன என்னன்னா, எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் காலைல உக்கடத்துல வீட்டுல இருந்து வண்டிய எடுத்தாரு. மில்லு கேட்டுல நிறுத்துனாரு. நடுவுல ரோடு ஒண்ணு இருந்திருக்கணும். அவருக்கு ஞாபகமே இல்ல. சிங்காநல்லூரு இல்ல, சூலூரு இல்ல, ஒரு சிக்னல் கூட இல்ல.

வாட்ச்மேனக் கேட்டாரு.

"நான் எப்பப்பா வந்தேன்?"

"இப்பத்தாங்க சார். தெனமும் வர்ற மாதிரியேதான் வந்தீங்க."

அதக் கேட்டதும் அவரு கேட்டுக்கு வெளிய போயி, வந்த ரோட்டத் திரும்பிப் பாத்தாரு.

அந்த வாரமே எடது முழங்கால் வலின்னு டாக்டர்கிட்டப் போனாரு. டாக்டர் எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"இன்னும் நாலஞ்சு வருஷம் தாங்குங்க. அப்பறம் கிளச்சு மிதிக்கற வேலையெல்லாம் ஆகாது."

"நான் ஓட்டறது கிளச்சு இல்லாத வண்டிங்க."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

கால் தாங்கற வரைக்கும் வேற வண்டி ஓட்டணும்னு சென்னியப்பன் படி எறங்கி வர்றதுக்குள்ள முடிவு பண்ணிட்டாரு. ஓட்டுனா மனசு துள்ளணும். டர்போ இஞ்சினு போட்டு சீறிக்கிட்டுப் போகணும். கிளச்சு இருக்கணும். புதுசு வாங்க வசதி இல்ல, பழசா இருந்தாலும் பரவால்ல.

அந்த நாலஞ்சு வருஷத்துல எட்டு மாசம் இப்பப் போயிருச்சு. வீட்டுல அவரு சம்சாரம் ஈஸ்வரியம்மா நேத்து கரண்டியக் கீழ வெச்சுட்டே சொல்லிட்டாங்க.

"வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி உடுங்க. எட்டு மாசமா சாம்பார்ல கூட டர்போதான் மெதக்குது."

மேபல் காருக்கு அடியில இருந்து வெளிய வந்தாங்க. கையத் தொடச்சாங்க.

"பதினோரு வண்டியில எத்தனை ஓட்டிப் பாத்தீங்க?"

"ரெண்டுங்க."

"மிச்சம் ஒம்போது?"

"ஓட்டற அளவுக்கே வரலீங்க. ஒண்ணுல பம்பர் மாத்துனது. ஒண்ணுல நாலு டயரும் நாலு கம்பெனி. ஒண்ணுல சீட்டுக்கு அடியில துரு. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

சட்டப்பையில இருந்து நோட்ட எடுத்து நீட்டுனாரு. மேபல் அத வாங்கல. பிளாஸ்க்க எடுத்து ஒரு டம்ளர்ல டீ ஊத்தி அவரு கையில குடுத்தாங்க.

டீ மேல லேசா ஆடை படிஞ்சிருந்துச்சு. சென்னியப்பன் விரலால ஒரு ஓரமா ஒதுக்குனாரு. அது நழுவுச்சு. இன்னொரு ஓரத்துக்கு ஒதுக்குனாரு. ரெண்டாக் கிழிஞ்சுது. ஒரு ஸ்பூன் இருக்குமான்னு சுத்திமுத்திப் பாத்தாரு. ஸ்குரூ டிரைவர்தான் இருந்துச்சு.

மேபல் அந்த டம்ளர அவரு கையில இருந்து எடுத்து ஒரே மடக்குல குடிச்சாங்க.

"டீ எப்படிங்ணா இருந்துச்சு?"

"நான் குடிக்கலயே."

"ஆடை?"

"நல்ல தடிப்புங்க."

மேபல் சிரிக்கல. சாவிக் கொத்த எடுத்து ஷட்டரப் பூட்டுனாங்க.

"வடவள்ளியில ஒரு வண்டி இருக்கு. போலாம் வாங்க."

வெள்ளக் கார்லயே போனாங்க. போற வழியில சென்னியப்பன் அந்த வண்டியப் பத்திக் கேள்வி கேட்டுட்டே வந்தாரு. எந்த வருஷம்? எத்தன கைமாறுச்சு? மேபல் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வந்தாங்க.

"ஒண்ணாவது சொல்லுங்க அம்மிணி."

"அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் பாக்க வராருங்க."

மணி நாலு தாண்டியிருந்துச்சு.

வண்டிக்காரப் பொண்ணு பேரு மிருதுளா. மாட்டு டாக்டர். எட்டு மாச வயிறோட கேட்டத் தொறந்து விட்டுச்சு. போர்டிகோவுல இங்க்கு நீலத்துல ஒரு சின்னக் கார் நின்னுச்சு. குட்டையா, தோள் அகலமா, பாயறதுக்குக் குனிஞ்ச மாதிரி.

சென்னியப்பன் நோட்ட எடுக்கக் கூட மறந்துட்டுக் கேட்டாரு.

"ஏனுங்க விக்கறீங்க?"

"ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் வந்தாச்சுங்க," வயித்தத் தொட்டுக் காட்டுச்சு. "இனி தொட்டில் ஏத்தணும், பால்புட்டி ஏத்தணும். இது அதுக்கெல்லாம் தலையாட்டற வண்டி இல்ல. வெல போன்ல சொன்னதுதான், கொறைக்க மாட்டேன்."

மேபல் நேரா போயி உள்ளங்கைய பானெட் மேல வெச்சாங்க. கண்ண மூடுனாங்க. எடுத்தாங்க. போயி ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டாங்க.

"அவ்வளவுதானுங்களா?" சென்னியப்பன் மெதுவாக் கேட்டாரு.

"அவ்வளவுதாங்க. பச்சத்தண்ணியாட்டம் இருக்கு."

"அதுல என்னங்க தெரியும்?"

"ஆள் வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெச்சிருந்தா, எதயோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். இந்தப் பொண்ணு சூடேத்தல."

சென்னியப்பனுக்கு அது பத்தல. டார்ச்ச எடுத்தாரு. நோட்ட விரிச்சாரு. முழங்காலப் புடிச்சுட்டு டயர் பக்கத்துல குந்தப் போனாரு.

"சார், குந்த வேண்டாம், நானே சொல்றேன்," மிருதுளா விரல மடக்க ஆரம்பிச்சுச்சு. "எடது கதவு பெயிண்ட் அடிச்சது. கல்யாண மண்டபத் தூண்ல ஒரசிட்டேன். தூண் மேல தப்பில்ல. காலைல மூணாவது கியரு மொரண்டு பிடிக்கும், ரெண்டு கிலோமீட்டர் போனாச் சரியாயிரும். ஏசி போட்டா ஒரு பக்கம் விசிலடிக்கும். டர்போவுக்குப் போற பைப்பு போன வருஷம் மாத்துனது, பில்லு இருக்கு. பின் சீட்டுல ஒருக்கா ஒரு வெள்ளாட்டக் கொண்டு போனேன். பிரசவ கேஸு. மழைக்காலத்துல அது வந்துட்டுப் போனது தெரியும்."

சென்னியப்பன் எழுதிட்டே வந்தாரு. மூணு பக்கம் ஆச்சு.

"வேற?"

"வேற இல்லீங்க."

அவரு நம்பல. வண்டியச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. கதவு ஓரம் தடவுனாரு. டிக்கியத் தொறந்தாரு. பின் சீட்டுல மூக்க வெச்சு மோந்து பாத்தாரு. ஆடு இருந்துச்சு. எல்லாம் அந்தப் பொண்ணு சொன்னபடியேதான் இருந்துச்சு, ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல.

முப்பது வருஷத்துல மொத தடவையா அவருக்குக் கண்டுபிடிக்க ஒண்ணும் மிச்சமில்ல. கையில டார்ச்ச வெச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னாரு.

"எழுதி முடிச்சாச்சுங்களா?" மேபல் கேட்டாங்க.

"முடிச்சாச்சுங்க."

"அப்ப ஓட்டுங்க."

"நீங்க வரலீங்களா?"

"வாங்கறது நீங்க. எனக்குக் கார் இருக்குங்ணா."

மிருதுளா கைய நீட்டுச்சு. "உங்க வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போங்க சார். திரும்பி வருவீங்கன்னு ஒரு நம்பிக்கைக்கு."

சென்னியப்பன் உள்ள உக்காந்தாரு. கிளச்ச மிதிச்சாரு. முழங்கால் "சுருக்"குன்னுச்சு. வண்டி ரெண்டு தடவ குதிச்சு நின்னுருச்சு. எட்டு வருஷமா மறந்த கால்.

மேபல் வானத்தப் பாத்தாங்க.

மறுபடியும் எடுத்தாரு. இந்தத் தடவ கேட்டத் தாண்டிருச்சு.

தொண்டாமுத்தூர் ரோட்டுல திரும்புனாரு. மூணாவது கியரு விழல. தள்ளுனாரு, விழல. கொஞ்சம் பொறுத்து, கால முழுசா அழுத்தி, பதமாக் கேட்டாரு. விழுந்துச்சு. அவருக்கு என்னமோ ஒரு ஆளு பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு.

அப்பறம் டர்போ புடிச்சதும் முதுகுல யாரோ கை வெச்சுத் தள்ளுன மாதிரி ஒரு தள்ளு. காதுக்குள்ள "புஸ்"ஸுன்னு ஒரு பெருமூச்சு. சென்னியப்பன் வாய் விட்டுச் சிரிச்சாரு. வண்டிக்குள்ள வேற யாரும் இல்லங்கறதுனால வெக்கப்படல.

அப்படி ஒண்ணும் பறக்கல. எழுவதத் தாண்டல. ஒரு எடத்துல தேங்காய் லோடு டிராக்டருக்குப் பின்னால பத்து நிமிசம் ஊர்ந்தாரு. அந்தப் பத்து நிமிசமும் நல்லாத்தான் இருந்துச்சு.

போறப்ப ஏழு வளைவு. வாழைத்தோப்ப ஒட்டி ஒண்ணு. பம்ப்செட்டுல ஒருத்தர் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு இருந்த எடத்துல ஒண்ணு. சின்னவெங்காயத்தக் குவிச்சு மேல தார்ப்பாய் போட்டிருந்த எடத்துல ஒண்ணு. மலை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் மாறி உக்காந்துச்சு. இப்பக் கேட்டாலும் அவரு வரிசையாச் சொல்லுவாரு.

பத்து நிமிசத்துல வரேன்னு போனவரு முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் திரும்புனாரு.

வந்து பாத்தா மிருதுளாவக் காணோம். வெள்ளக் கார் ஏசி ஓடிட்டு இருந்துச்சு. முன் சீட்ட நல்லாச் சாச்சுப் போட்டு, வயித்து மேல கைய வெச்சு, அந்தப் பொண்ணு அசந்து தூங்கிட்டு இருந்துச்சு.

"ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லயாமா," மேபல் ரகசியமாச் சொன்னாங்க. கையில முறுக்கு. "சத்தமே இல்லாத வண்டியா இருக்கேன்னு ஏறி உக்காந்துச்சு. ரெண்டு நிமிசம். அவ்வளவுதான். எழுப்பாதீங்க."

கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மனுசன் நின்னுட்டு இருந்தாரு. இன் பண்ணுன சட்ட. ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில ஃபைலு. நீலக் கார் உள்ள வந்து நின்னதும், எறங்குன சென்னியப்பனப் பாத்து வேகமா வந்தாரு.

"வணக்கமுங்க. அஞ்சு மணிக்கு வரேன்னு சொன்ன ஆளு நாந்தாங்க. அந்தம்மா எதுவும் பேச மாட்டேங்கறாங்க, முறுக்கு திங்கறாங்க. வண்டி உங்களதுங்களா?"

சென்னியப்பன் சாவியக் கையில வெச்சுட்டு நின்னாரு. எடது முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு.

"இதுவரைக்கும் பதினாலு வண்டி பாத்துட்டேனுங்க," அந்த மனுசன் ஃபைலத் தொறந்தாரு. "ஒண்ணும் அமையல. எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு இருக்குது. நீங்க பாத்தா நேர்மையான ஆளாத் தெரியறீங்க. ஒளிக்காமச் சொல்லுங்க. இந்த வண்டியில என்னங்க குறை?"

சென்னியப்பன் மேபலத் திரும்பிப் பாத்தாரு. மேபல் முறுக்கப் பாத்தாங்க.

தரத்துல பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்ல.

"ஒரே ஒரு குறைதாங்க."

அந்த மனுசன் பேனாவ எடுத்தாரு. "சொல்லுங்க."

"வித்துப்போச்சுங்க."