கரடிக்குப் பயம் கற்றுக்கொடுத்தவன்

சோலைக்குறிச்சி மலையில் ஒரு வனவிலங்குப் பூங்கா இருந்தது. அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டி, விலங்குகளைப் பற்றிச் சொல்லும் வேலையில் சேர்ந்தான் தணிகாசலம். விலங்கியல் படித்தவன். பல வருடம் சமவெளியில் டியூஷன் எடுத்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மலையேறி வந்திருந்தான்.

பூங்காவின் மருத்துவர் ஜெசிந்தா. அவனைவிட வயதில் சிறியவர். அடிபட்டு வரும் விலங்குகளைத் தேற்றுவதும், புதிதாகச் சேரும் ஆட்களைப் பழக்குவதும் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார்.

"பாடம் சொல்றவங்க கொஞ்ச நாள் கூண்டு வேலையும் பார்க்கணும். இல்லாட்டி போர்டுல எழுதியிருக்கறதைத்தான் படிச்சுக் காட்டுவீங்க," என்றார்.

அப்படித்தான் கரடி அவன் பொறுப்பில் வந்தது.

அது பாதி வளர்ந்த பெண் கரடி. தேயிலைத் தோட்டத்து வேலி ஓரம் யாரோ பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் முன்னங்காலைக் கொடுத்துவிட்டு, விடிய விடிய இழுத்து, இரண்டு நகங்களைப் பறிகொடுத்திருந்தது. புண் ஆறியதும் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதுவரை பூங்காவின் பின்பக்கம், பார்வையாளர்கள் வராத இடத்தில், நாலு புறமும் பச்சைத் தார்ப்பாய் கட்டிய கூண்டில் இருந்தது.

"தீனியை இந்தச் சந்து வழியா தள்ளிட்டு வந்துடுங்க. தார்ப்பாயை விலக்காதீங்க. பேசாதீங்க. பேர் வைக்காதீங்க."

"ஏன் டாக்டர்?"

"வைக்காதீங்க."

முதல் நாள் கேழ்வரகுக் களி வாளியோடு அவன் கூண்டருகே போனபோது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஈரமான, கனமான மூச்சு. அவன் நின்றான். மூச்சும் நின்றது. அடுத்த நொடி கூண்டின் கம்பிகள் இடிவிழுந்தாற்போல் அதிர்ந்தன. உறுமல் அவன் வயிற்றுக்குள் புகுந்து வெளியே போனது. வாளி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மருந்தறை வாசலில் வந்துதான் நின்றான்.

"பயம் எப்போ போகும் டாக்டர்?"

ஜெசிந்தா ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"களி சிந்திப்போச்சா?"

"ஆமா."

"வேற கலக்கிக் கொண்டு போங்க. அது பசியா இருக்கும்."

அன்றிலிருந்து தினமும் பயந்துகொண்டே போனான். கனவில் தார்ப்பாய் தானாக விலகியது. மலையில் கரடியிடம் அடிபட்டவர்களின் முகங்களை அவன் பார்த்திருக்கிறான். அது கையையோ காலையோ கடிக்காது, முகத்தைத்தான் தேடும்.

பயத்தை மறைக்கத்தான் பேச ஆரம்பித்தான். "வந்துட்டேன், வந்துட்டேன், களிதான், வேற ஒண்ணுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுத்தபடி வாளியைத் தள்ளுவான். சில நாளில் உறுமல் நின்றது. இன்னும் சில நாளில் அவன் குரல் கேட்டதும் உள்ளே ஒரு ரீங்காரம் எழுந்தது. தேன்கூட்டுக்குள் காதை வைத்தாற்போல். அது உள்ளங்காலைச் சப்பிக்கொண்டு எழுப்பும் சத்தம். வயிறும் மனசும் நிறைந்திருக்கும்போது கரடிக்குட்டி அப்படிச் செய்யும் என்று படித்திருந்தான்.

ஒருநாள் தார்ப்பாயின் ஓரத்தை விலக்கினான்.

கரடி கம்பியோரம் உட்கார்ந்து அவனையே பார்த்தது. மார்பில் வெள்ளைப் பிறை. சின்னக் கண்கள். வெல்லக் கட்டியை நீட்டினான். நீளமான நாக்கு வெளியே வந்து அவன் உள்ளங்கையை வழித்துக்கொண்டு போனது.

அன்று மாலை பள்ளிப் பிள்ளைகளிடம் அவன் பேசியதை எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். கூண்டுக்குப் பயந்து நடந்த ஆள் அவன்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள். கரடிக்கு மனசுக்குள் பொம்மி என்று பேரும் வைத்துவிட்டான்.

புண் ஆறியது. வனத்துறை அனுமதிக்கு எழுதிப் போட்டார்கள். செய்தி தோட்டத்துக்குப் போய், ஒருநாள் மதியம் மரகதம் என்ற பெண் பூங்காவுக்கு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய ரப்பர் சீட்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"கரடிய விடப் போறீங்களாமே சார்?"

"ஆமாம்மா. ரொம்ப மேல, சோலைக்காட்டுக்குள்ள."

"எங்க லயன் வீடுங்க பக்கம் வந்துட்டா? எங்க வீட்டுக்காரருக்கு ஒத்தக் கண்ணுதான் இருக்கு, சார். இன்னொண்ணு கரடி பிடுங்கினது. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

அவள் நடுக்கத்தைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. தன் பழைய பயமே சேலை கட்டி வந்து நிற்பதுபோல் இருந்தது.

"இது அப்படிப்பட்டது இல்லம்மா. வாங்க, காட்டறேன்."

கூண்டருகே அழைத்துப்போய், தார்ப்பாயை விலக்கி, நாக்கைச் சொடுக்கினான். கரடி குடுகுடுவென்று ஓடி வந்தது. கம்பியில் முகத்தை வைத்து நாக்கை நீட்டியது.

"பார்த்தீங்களா? நாய்க்குட்டி மாதிரி. என்னைக் கண்டா கொஞ்சமும் பயமே கிடையாது."

மரகதம் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

"அவரை அடிச்ச கரடியும் இப்படித்தான் சார் வந்துச்சு," என்றாள். "ஓடலை. மெதுவா, வீட்டாள் மாதிரி, வாசல் வரைக்கும் வந்துச்சு. எண்ணெய் வாசனைக்கு வந்திருக்கு. அவரு பயந்துபோயிக் கத்தினாரு. அப்புறந்தான்..."

சொல்லி முடிக்காமல் போய்விட்டாள்.

தணிகாசலம் திரும்பினான். ஜெசிந்தா பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் பயந்து அவன் பார்த்தது அதுவே முதல் தடவை.

"பேர் வெச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

"நாளைக்கு இது லயன் வாசல்ல போய் நாக்கை நீட்டும், தணிகாசலம். கதவைத் திறக்கறவங்க என்ன செய்வாங்க?"

அவன் கம்பியை விட்டு விலகி நின்றான்.

"கத்துவாங்க. கல்லெடுப்பாங்க."

"அப்போ இது என்ன செய்யும்?"

அவன் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

"இப்படியே விட்டா ஒண்ணு அது சாகும், இல்ல யாராவது சாவாங்க. விடாம வெச்சிருந்தா ஆயுசுக்கும் இந்தக் கூண்டு."

"வேற வழி?"

ஜெசிந்தா மருந்தறைக்குப் போய் ஒரு காலி எண்ணெய்த் தகரத்தையும் தடியையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

"என்னால முடியாது டாக்டர். நீங்க செய்யுங்க."

"நான் இதை அடிச்சா எனக்கு மட்டுந்தான் பயப்படும். அது நம்புறது உங்களை. உங்களுக்கே பயந்தாத்தான் எல்லா மனுஷங்களுக்கும் பயப்படும்."

மறுநாள் காலை தகரத்தோடு போனான். கரடி குரலுக்காகக் காத்திருந்தது. அவன் பேசவில்லை. தகரத்தை ஓங்கி அடித்தான். கரடி ஒரு அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி கம்பிக்கு வந்து நாக்கை நீட்டியது. புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. அவன் தகரத்தைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஜெசிந்தா தகரத்தை எடுத்துத் துடைத்து அவன் மேசைமேல் வைத்தார்.

மறுநாள் பட்டாசுச் சரத்தோடு போனான்.

வெடித்து முடிந்து புகை விலகியபோது கரடி மூலையில் ஒடுங்கி, தழும்பு விழுந்த காலால் முகத்தை மூடியிருந்தது. அதன் கீழே ஈரம் பரவியது. அவன் தகரத்தை அடித்தான். கத்தினான். தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தில் பீய்ச்சினான். அது அவன் பக்கம் திரும்பி முனகியபோதெல்லாம் இன்னும் உரக்கக் கத்தினான். தீனியை அதன் பிறகு அவன் வைக்கவில்லை. வேறு யாரோ ஒளிந்திருந்து, தார்ப்பாய்க்கு வெளியிலிருந்து தள்ளினார்கள். மனித வாசனை வந்தால் சத்தம் வரும், வலி வரும். அதுதான் பாடம்.

பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்திருந்த அன்று அவன் குரல் முழுவதும் அடைத்துப்போயிருந்தது.

"சார், உங்க குரலுக்கு என்னாச்சு?"

"சளிம்மா."

"அங்க பின்னாடி யாரு சார் அப்படிக் கத்தினது? எங்களுக்குப் பயமாயிருந்துச்சு."

அவன் அடுத்த மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

பிறகு ஒருநாள் கூண்டை நெருங்கும்போது உள்ளே அந்த ரீங்காரம் கேட்டது. தனியாக உட்கார்ந்து காலைச் சப்பிக்கொண்டிருந்தது. அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று நின்றது. இப்போது அவனுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எதைக் கண்டு என்று அவனால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வதைச் சில நாள் விட்டுவிட்டான்.

அனுமதி வந்தது.

வனத்துறை லாரியில் கூண்டை ஏற்றி, மேட்டுச் சோலையின் நடுவே ஒரு வெட்டவெளியில் இறக்கி வைத்துவிட்டு லாரி விலகிப்போனது. ஜெசிந்தாவும் தணிகாசலமும் திறந்த ஜீப்பில் இருந்தார்கள். கூண்டுக் கதவில் கட்டிய கயிற்றின் முனை ஜெசிந்தாவின் கையில். இழுத்தார். கதவு மேலேறியது.

கரடி வெளியே வந்தது. மண்ணை முகர்ந்தது. காட்டைப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்தால் புதருக்குள் போயிருக்கும்.

காற்று திரும்பியது.

கரடியும் திரும்பியது. மூக்கைத் தூக்கி ஜீப்பின் வாசனையைப் பிடித்தது. கால் நொண்ட, மெதுவாக அவர்களை நோக்கி வர ஆரம்பித்தது.

"டாக்டர், வண்டியை எடுங்க."

"எடுத்தா பின்னாடியே வரும்."

"இத்தனை நாள் செஞ்சதும் வீணா?"

"தெரியலை."

அவர் கை சாவியைத் தொடவில்லை. அவனைப் பார்த்தார்.

தணிகாசலம் தகரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். ஏன் இறங்கினான் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை. கம்பிகள் இல்லாமல் அதை அவன் பார்ப்பது அதுவே முதல் முறை. அது பெரிதாகியிருந்தது. நகங்கள் மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டது. கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

கரடி நின்றது. பின்னங்கால்களில் எழுந்தது. வெள்ளைப் பிறை அவன் கண்ணுக்கு நேராக வந்தது. உதடுகள் குவிந்து நாக்கு மெல்ல வெளியே வந்தது.

அப்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"போ! போடி! போய்த் தொலை!"

தகரத்தைப் பேய் பிடித்தவன்போல் அடித்தான். அடித்துக்கொண்டே முன்னால் ஓடினான். கரடி நாலு காலில் விழுந்தது. அந்த முதல் நாளின் உறுமல் வெட்டவெளியை நிரப்பியது. நேராக அவன்மேல் பாய்ந்து வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், அடித்தான், அடித்தான். முகத்தில் சூடான மூச்சு பட்டது. ஏதோ தொடையில் மோதி அவனைக் கீழே தள்ளியது.

கண்ணைத் திறந்தபோது புதர்கள் ஒடியும் சத்தம் மேட்டை நோக்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஜெசிந்தா அவனைத் தூக்கி உட்கார வைத்தார். காயம் பெரிதாக இல்லை. கால்சட்டை நனைந்திருந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் மடியில் போட்டார்.

அதற்குப் பின் வந்த மழைக்காலம் முழுவதும், அலுவலகத்தில் போன் அடித்தால் அவன் ஓடிப்போய் எடுப்பான். தோட்டத்திலிருந்துதானோ, லயனிலிருந்துதானோ என்று. எந்தப் போனும் அதற்காக வரவில்லை. மரகதம் தார்ச் சாலையில் எதிர்ப்பட்டால் அவன் ஒதுங்கி வழிவிடுவான்.

மழை விட்ட ஒரு காலையில் ஜெசிந்தாவும் அவனும் மேட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். கீழே சரிவில் ஒரு கரடி கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. முன்னங்காலை ஊன்றும்போது நொண்டியது. கொழுத்திருந்தது. முதுகு மயிர் ஈரத்தில் பளபளத்தது.

இருவரும் மூச்சை அடக்கி நின்றார்கள். கரடி தலையைத் தூக்கியது. ஜெசிந்தாவை அது பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது. அடுத்த கணம், பாதி தோண்டிய புற்றை அப்படியே போட்டுவிட்டு, மரங்களில் முட்டி மோதிக்கொண்டு, உயிர் தப்பினால் போதும் என்று ஓடியது.

தணிகாசலம் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் என்னை மன்னிக்கலை, டாக்டர்."

ஜெசிந்தா பாதி தோண்டிய புற்றைப் பார்த்தார்.

"மன்னிக்காத வரைக்கும் அது உயிரோட இருக்கும்," என்றார்.