வழிந்தால்தான் அதி கனமழை

காட்டு ஏரிக்கரையில் ஒரு நாரை இருந்தது. மழையை அளந்து சொல்வது அதன் பொறுப்பு. மரக்கிளையில் ஒரு கொட்டாங்குச்சியைச் செருகி வைத்திருந்தது. அதில் பாதி நிறைந்தால் 'கனமழை'. விளிம்பைத் தொட்டால் 'மிக கனமழை'. வழிந்தால் 'அதி கனமழை'. அதி கனமழை என்று நாரை கத்தினால்தான் எல்லோரும் மேட்டுக்குப் போகவேண்டும். காட்டில் அதுதான் ஏற்பாடு.

ஐப்பசியில் ஒரு நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரையோர வளையில் ஒரு வெள்ளெலி தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. தரை சொதசொதவென்று ஆனதும் அது வளையை விட்டு வெளியே வந்தது. மரத்தடிக்கு ஓடியது.

"நாரை அண்ணே! அதி கனமழையா?"

"இல்லையம்மா, வெறும் கனமழைதான்!"

எலி திரும்பி வந்தது. வளைக்குள் தண்ணீர்! குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. மறுபடியும் ஓடியது.

"இப்போது?"

"மிக கனமழை! இன்னும் வழியவில்லை!"

"என் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதே!"

"நான் என்ன செய்ய? போன மழையின்போது வழிவதற்கு முன்னாலேயே கத்திவிட்டேன். வீணாக அலையவிட்டாய் என்று எல்லோரும் ஏசினார்கள். வழியாமல் வாய் திறக்கமாட்டேன்!"

மேலே பொந்திலிருந்து உடும்பு தலையை நீட்டியது. "நாரை சொல்லாமல் யாராவது கிளம்புவார்களா? போய்ப் படு!"

எலி அண்ணாந்து பார்த்தது. உடும்பின் பொந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது! தன் வளையோ பள்ளத்தில்.

அதற்குமேல் அது நிற்கவில்லை. ஒரு குட்டியைக் கவ்வி மேட்டிலிருந்த ஒரு பாறைமேல் விட்டது. இன்னொன்றையும் கொண்டுபோனது. கடைசிக் குட்டிக்காக வந்தபோது வளைவாசலே மூழ்கியிருந்தது!

எலி மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கியது. இருட்டில் துழாவியது. பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. பின்னாலேயே கரை சரிந்து விழுந்தது.

பாறைமேல் குட்டி அசையாமல் கிடந்தது. எலி நக்கியது, உலுக்கியது, மறுபடி நக்கியது. கடைசியில் குட்டி தும்மியது!

அப்போதுதான் நாரையின் குரல் கேட்டது. "அதி கனமழை! எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்!"

கீழே பார்த்த நாரைக்குப் பகீரென்றது. வளை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றது.

"எலியம்மா! எங்கே இருக்கிறாய்?"

"பாறைமேல்! நாலு பேரும் இருக்கிறோம்!"

மழைக்கு வைத்த பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் ஆபத்து அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தபிறகும் அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.