கொக்குகள் தோற்க வேண்டிய ஞாயிறு

நெல்லையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பத்து மூன்று. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

வெஸ்ட்மூர் என்ற அந்த அமெரிக்க ஊரில் ஆறு மாதம் பனி. மிச்சம் ஆறு மாதம் பனி வரப்போகிறது என்ற பேச்சு. ஊர்க் கோடியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, மெய்யம்மை ஒரு கூடம் வைத்திருந்தார். ஞாயிறு பதினொன்றரை மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அம்மா உபதேசம் எதுவும் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் கிடையாது.

நெல்லையப்பன் ஒன்பது வருஷமாக வருகிறார். மௌனம் கைவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினால் உள்ளே கால்பந்து ஓடும்.

கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். ஓடுகிறவன்மேல் நாலு பேர் விழுவார்கள். அந்த ஊருக்கென்று ஒரு தொழில்முறை அணி இருந்தது. சட்டையில் கொக்குப் படம் போட்டிருப்பதால், ஊர்த் தமிழர்கள் வாயில் அது வெறும் கொக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் நெல்லையப்பன் அங்கே குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மாதமே கொக்குக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டார். அதற்கப்புறம் கொக்கு உருப்படியாக ஆடிய வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஞாயிறு அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வேறு யாரும் வந்திருக்கவில்லை. அம்மா டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"நாளைக்கு நல்லது நடக்கணும்னுட்டு, நம்ம ஆளுங்க இன்னைக்குத் தோக்கணும்னு நினைக்கலாமா?"

அம்மா வடிகட்டியைத் தட்டினார். "நம்ம ஆளுங்கன்னா யாரு?"

"கொக்கு."

அம்மா சிரிக்கவில்லை. அதனால்தான் அவரிடம் கேட்க முடிந்தது. வீட்டில் மனைவி செண்பகத்திடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

"விவரமாச் சொல்லுங்க."

"பதினாறு ஆட்டம் முடிஞ்சு போச்சு. ஜெயிச்சது ரெண்டு. இன்னைக்குக் கடைசி ஆட்டம். இந்த விளையாட்டுல ஒரு வழக்கம் உண்டும்மா. எந்த டீம் எல்லாருக்கும் கடைசியா வருதோ, அதுக்குத்தான் புது ஆளை முதல்ல எடுக்கிற உரிமை."

"தோத்தவங்களுக்கா?"

"ஆமா."

"நல்ல வழக்கமா இருக்கே."

"நல்ல வழக்கம்தான். காலேஜ்ல ஒருத்தன் இருக்கான். அவன் பந்தை எறிஞ்சா, அறுபது கெஜம் தள்ளி ஓடுறவன் கையில போய் உக்காரும். இப்படி ஒருத்தன் இருபது வருஷத்துக்கு ஒருக்கதான் வருவான். இன்னைக்குத் தோத்தா, கணக்குப்படி நாமதான் கடைசி, அவன் நமக்கு. ஜெயிச்சோம்னா, நம்மள மாதிரியே ரெண்டே ஆட்டம் ஜெயிச்ச இன்னொரு ஊர்க்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான்."

சொல்லிக்கொண்டே நெல்லையப்பன் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். கொக்கு மீட்புத் திட்டம், இருபத்திரண்டு பக்கம். அணியின் அலுவலகத்துக்கு மூன்று தடவை அனுப்பியிருக்கிறார். ஒரு தடவை பதில் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கொக்குப் படம் போட்ட ஒரு தொப்பி.

"முதல் வேலை முன்வரிசைம்மா. எறியுறவனுக்கு முன்னால நிக்கிற அஞ்சு பேரு எதிராளியை மறிக்கணும். நம்ம ஆளுங்க கதவைத் திறந்து வாங்க வாங்கன்னு விடுதாங்க. அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். கோச்சை வருஷத்துக்கு ஒருக்க மாத்துறதை நிறுத்தணும். பழைய பேருக்காக வயசானவங்களைக் கட்டி அழக் கூடாது. எல்லாத்துக்கும் மேல அந்தக் காலேஜ்காரன். அவன் வந்துட்டான்னா மூணே வருஷம்."

அம்மா திட்டத்தை வாங்கிப் புரட்டினார். நிதானமாகவே புரட்டினார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.

நெல்லையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஆனால் நெல்லையப்பன் வந்தது அதற்காக இல்லை.

"போன வாரம் கடைசி நிமிஷத்துல நம்ம ஆளு ஒருத்தன் பந்தோட கோட்டைத் தாண்டிட்டாம்மா. ஜெயிச்சாச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. பாவிப் பயலே, காரியத்தைக் கெடுத்தியேன்னு திட்டினேன். செண்பகம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. உங்க டீம்தான ஜெயிச்சுது, ஏன் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீகன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"டிவியை அணைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது இந்த ஒரு சந்தோஷம்தாம்மா. அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. இனிமே வரவே வராதோன்னு பயமா இருக்கு."

அம்மா அடுப்பை அணைத்தார்.

"ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"டிக்கெட் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. செண்பகம் வரமாட்டேன்னுட்டா."

"நான் வர்றேன்."

"அம்மா, இன்னைக்கு மௌனம்?"

"அவங்களுக்கு உக்காரத் தெரியும். வாங்க."

சாவியைச் சலவைக் கடையில் கொடுத்துவிட்டு, மூன்று ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டையும் மாட்டிக்கொண்டு அம்மா காரில் ஏறினார். நெல்லையப்பனுக்கு ஒரே கூச்சம். குருவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம். தோற்பதற்கென்றே வந்திருக்கும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா?

மைதானத்தில் பாதி நாற்காலிகள் காலி. வந்திருந்த பாதியும் ஒரு தினுசாக இருந்தது. கொக்கு ஒரு கெஜம் முன்னேறினால் முனகினார்கள். பந்தைத் தவறவிட்டால் கைதட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மளிகைக் கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு என்ன ஆச்சு அண்ணே?"

"வெட்கம்மா. இந்த டீமோட ஆளுன்னு அடையாளம் தெரிஞ்சிரக் கூடாதுல்லா."

"அப்ப எதுக்கு வந்தாரு?"

நெல்லையப்பன் யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல."

பைக்காரர் இவர்கள் பக்கம் சாய்ந்தார். "கவலைப்படாதீர்கள். இன்றைக்கு அழகாகத் தோற்றுவிடுவோம்" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

ஆட்டம் நடந்தது. எல்லார் கண்ணும் பந்தின் பின்னால் போனது. அம்மாவின் கண் மட்டும் ஒரே இடத்தில் நின்றது.

"அந்த எழுபத்தொண்ணாம் நம்பர் யாரு?"

"முன்வரிசைம்மா. பர்னெட்னு பேரு. ஏன்?"

"அவருகிட்ட யாருமே பந்தைக் குடுக்க மாட்டேங்கறாங்க."

"குடுக்க மாட்டாங்க. அவன் வேலை தள்ளுறது மட்டும்தான்."

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது வருஷமா இங்கதான் இருக்கான்."

"ஒரு தடவைகூடப் பந்தைத் தொட்டதில்லையா?"

"இல்ல."

"உங்க திட்டத்துல இவரு?"

"வீட்டுக்கு. முதல் பக்கத்துலயே."

அம்மா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "தள்ளிக்கிட்டேதான் இருக்காரு" என்றார்.

அதற்கப்புறம் நெல்லையப்பனுக்கும் எழுபத்தொன்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த மனிதர் விழுந்தார், எழுந்தார், முட்டியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய்க் குனிந்தார். ஜெயிப்பதா தோற்பதா என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தபோது எதிரணி பதினாறு, கொக்கு பத்து. எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. எப்படியோ கொக்கு பந்தை எதிராளியின் கோட்டுக்கு இரண்டு கெஜம் வரை கொண்டுவந்துவிட்டது. கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் ஆறு புள்ளி. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை, அதற்கு ஒன்று. கூட்டம் முனக ஆரம்பித்தது.

ஓட்டக்காரன் பந்தோடு பாய்ந்தான். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். பந்து கை நழுவிக் கோட்டுக்கு அப்பால் உருண்டது. முட்டைப் பந்து உருண்டால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. ஆளுக்கொரு திசையில் பாய்ந்து தவறவிட, அது குதித்துக் குதித்து எழுபத்தொன்றின் காலடியில் போய் நின்றது.

அந்த மனிதர் குனிந்து அதைப் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. பிறகு நூற்று நாற்பது கிலோவும் சேர அப்படியே அதன்மேல் விழுந்தார்.

ஆறு புள்ளி என்று நடுவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்படிப் போடுலே! போட்டான்லே என் தங்கம்!"

யாரோ தமிழில் கத்தினார்கள். இந்த மைதானத்தில் இன்னொரு திருநெல்வேலிக்காரனா என்று நெல்லையப்பன் திரும்பிப் பார்த்தார். தான் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கீழே எழுபத்தொன்று எழுந்து நின்றார். பந்தை மார்போடு அணைத்திருந்தார். நடுவர் கை நீட்டிக் கேட்டார். கொடுக்கவில்லை. மற்ற நாலு முன்வரிசைக்காரர்களும் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்க முடியாமல் ஐந்து பேரும் குவியலாக விழுந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பக்கத்து இருக்கைக்காரர் பையைக் கிழித்து எறிந்திருந்தார். நரைத்த மீசை, சிவந்த மூக்கு, கண்ணெல்லாம் நீர்.

உதையும் உள்ளே போனது. பதினேழுக்குப் பதினாறு.

அந்த ஐந்து நிமிடம் நெல்லையப்பன் உட்காரவே இல்லை. எதிரணி அடி அடியாக முன்னேறி வந்தது. கடைசிச் சில நொடிகளில் அவர்கள் ஆளும் உதைக்க வந்து நின்றான். இந்த மாதிரி உதைக்கு மூன்று புள்ளி; உள்ளே போனால் ஆட்டம் அவர்களுக்கு. நெல்லையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நெல்லையப்பா, வெளிய போகணும். வெளிய போயிரணும்" என்றார் வாய்விட்டு. தன் பேரைத்தான் சொல்கிறோம் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஊர்ச் சாமியைக் கூப்பிட்டார்.

பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

நரைமீசைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். அவரும் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் மாறி மாறி முதுகில் அடித்துக்கொண்டார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தோடு வெளியே வரும்போது அம்மா கேட்டார்.

"அண்ணே, கடைசியா யாரு தோக்கணும்னு வேண்டிக்கிட்டீங்க?"

நெல்லையப்பன் சிரித்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. சிரிப்பு கரகரவென்று வந்தது. வெகு நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு, நிறுத்த முடியாமல் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அப்பாடா என்றிருந்தது. அந்தச் சந்தோஷம் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருந்திருக்கிறது.

போனை எடுத்துப் பார்த்தார். அந்த இன்னொரு ஊர்க்காரர்கள் தோற்றுவிட்டார்கள். கடைசி இடம் அவர்களுக்கு. காலேஜ்காரனும் அவர்களுக்கு.

பையில் சாவியைத் தேடுகிற மாதிரி நெஞ்சுக்குள் வருத்தத்தைத் தேடிப் பார்த்தார். கொஞ்சம் கிடைத்தது. முன்னே இருந்ததில் கால்வாசிகூட இல்லை.

காரைக் கிளப்பினார். ஊர் எல்லை வரை அம்மா பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதற்குமேல் அவரால் முடியவில்லை. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"ஆனாலும் அம்மா, நம்ம நிலைமை அப்படியேதான இருக்கு. மூணு ஆட்டம் ஜெயிச்ச டீம். அந்தக் காலேஜ்காரன் மட்டும் வந்திருந்தான்னா..."

"வந்திருந்தா நல்லாத்தான் ஆடியிருப்பாரு அண்ணே. முதல் நாளே பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேத்திருப்பாரு" என்றார் அம்மா. "தோக்கணும்னே வேண்டிப் பழகின கூட்டத்துல, அப்ப அதைப் பாத்து எந்திரிச்சு நிக்க இங்க யாரு மிச்சம் இருந்திருப்பா?"