தலைச்சூலி கேட்ட பெரிய ராசா

மாதம் தவறாமல் மழை பெய்த அந்தக் காலத்திலே, காரையூர்ச் சீமையைக் கெம்பீரராசன் என்று ஒருத்தன் கட்டி ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? ஆட்டி வைத்தான்! காலையில் கும்பிட்டவனுக்குத் தங்கக் காப்புப் போடுவான். அதே கும்பிடை மத்தியானம் போட்டவனை யானைக்காலில் தள்ளச் சொல்வான். அவன் இடது காதைச் சொறிந்தால் போதும், சபையே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

பிற்காலத்தில் மந்திரி பிச்சாண்டி என்றால் அண்டை நாட்டு ராசாக்களே எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட பிச்சாண்டிக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்று கவரி வீசுகிற வேலை. தாய் தகப்பன் கிடையாது, அக்கா வடிவுதான் ஊட்டி வளர்த்தாள். அவள் புருசன் மாசானம், பெரிய ஏரிக்குக் கரை கட்டுகிற கொத்தன்.

அந்தக் கரை கட்டக் கட்ட உடைந்தது. மாசானம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "கரைக்கு வந்த கல்லெல்லாம் தளவாய் வீட்டு மதிலுக்குப் போனால் கரை எப்படி நிற்கும்?" என்று நடுச்சந்தையில் கேட்டுவிட்டான். தளவாய் இரணசிங்கன் படைக்குத் தலைவன், ராசாவுக்கு வலது கை. இது காதில் விழுந்ததும் அவன் கோபப்படவில்லை. சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் பயம்.

மறுநாள் தளவாய் குறி சொல்கிற கோடாங்கி ஒருத்தனைச் சபைக்குக் கூட்டி வந்தான். கோடாங்கி உடுக்கை அடித்தான், கண்ணை உருட்டினான், செத்துப்போன பெரிய ராசாவின் குரலில் உறுமினான்.

"அடே கெம்பீரா!"

அப்பன் செருமினாலே தூணுக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்தவன் நம் ராசா. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"அப்பா?"

"ஏரி ஒரு தலைச்சூலியைக் கேட்கிறதுடா. கரையில் உயிரோடு வைத்து மூடு. இல்லையென்றால் உன் வம்சத்தையே வாரிக்கொண்டு போவேன்!"

தலைச்சூலி என்றால் முதல் பிள்ளையை வயிற்றில் சுமக்கிறவள். "எந்த வீட்டுப் பெண், அப்பா?" என்று ராசா நாக்குழறக் கேட்டான்.

"கொத்தன் மாசானம் பெண்டாட்டி."

கவரி அந்தரத்தில் நின்றது. ஐயோ, அக்காவுக்கு ஏழு மாசம்! தளவாய் குனிந்து கும்பிட்டான். "பெரியவர் வாக்கு, மகாராசா. தட்டக் கூடாது. அவளைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்." வெளியே வடிவு அழுகிற சத்தம் கேட்டது. ராசா தலையாட்டப் போனான்.

பிச்சாண்டி கவரியும் கையுமாய் அப்படியே ஓடிவந்து கோடாங்கியின் காலில் விழுந்தான்.

"பெரிய மகாராசா! தங்களை நிற்க வைத்துவிட்டோமே, பொறுத்தருள வேண்டும்!" என்றவன் ராசா பக்கம் திரும்பினான். "பிரபு, அப்பா நிற்கிறார், தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே!"

ராசா பதறி எழுந்துவிட்டான். பிச்சாண்டி சிம்மாசனத்தைக் கவரியால் துடைத்தான். "எழுந்தருளுங்கள் சாமி."

கோடாங்கியின் உடுக்கை தடுமாறியது. காரையூரில் ஒரு சட்டம் உண்டு. முடி சூடியவனைத் தவிர எவன் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தாலும் தலை தப்பாது. வெட்டுகிற வேலை தளவாயுடையது.

"எ... எனக்கு ஆசனம் வேண்டாம்டா."

"அதெப்படி சாமி? நின்றுகொண்டு சொன்னால் அது வெறும் பேச்சு. ஆசனத்திலிருந்து சொன்னால்தானே ராச கட்டளை?"

"உட்காருங்கள் அப்பா!" என்று ராசாவே கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

"தளவாய் ஐயா," என்றான் பிச்சாண்டி. குரல் நடுங்கியது. "ராசா ஆசனம் ஏறினால் தளவாய் வாளைக் காலடியில் வைத்து விசுவாசம் சொல்வதுதானே நம் சபை வழக்கம்? வையுங்கள்."

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது. "என் வாள் கெம்பீர மகாராசாவுக்குத்தான்!"

"அப்படியானால் ஆசனத்தில் இருக்கிறது யார்? பெரிய ராசா என்றால் வாளை வையுங்கள். வேறு ஆள் என்றால் தலையை எடுங்கள்."

ராசா தளவாயையே பார்த்தான். தளவாய் ஒரு கணம் யோசித்தான். சரேலென்று வாளை உருவிக் கோடாங்கி மேல் பாய்ந்தான்.

"ஐயோ தளவாய் சாமி, நீங்கள்தானே இப்படிச் சொல்லச் சொன்னீர்கள்!" என்று கோடாங்கி சொந்தக் குரலில் கீச்சிட்டுக்கொண்டு சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்தான்.

காவலர்கள் தளவாயை அமுக்கினார்கள். ராசாவுக்குக் கண் சிவந்தது. "என் அப்பன் பேரைச் சொல்லி என்னையே நடுங்க வைத்தீர்களா? இந்த இரண்டு பேரையும் அந்தக் கரையிலேயே வைத்து மூடுங்கள்!"

சபை ஆரவாரித்தது. அக்கா பிழைத்தாள், பிச்சாண்டி வாயை மூடிக்கொண்டு பின்னால் போய் நின்றிருக்கலாம்.

"வேண்டாம் மகாராசா," என்றான்.

ஆரவாரம் பட்டென்று அடங்கியது. ராசா மெதுவாகத் திரும்பினான். "என்னடா சொன்னாய்?"

"எனக்குப் பயமாக இருக்கிறது பிரபு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவர்களை வைத்து மூடிக் கரை நின்றுவிட்டால், ஆளை வைத்ததால்தான் நின்றது என்று ஊர் நம்பும். அடுத்த ஏரி உடைந்தால் இன்னொரு தலைச்சூலியைத் தேடும்."

ராசா அவனை ஏற இறங்கப் பார்த்தான். கை காதை நோக்கிப் போனது. பிச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"பின்னே என்ன செய்யச் சொல்கிறாய்?"

"தளவாய் வீட்டு மதிலை இடித்து அந்தக் கல்லைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தளவாயே சுமக்கட்டும். கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டே முன்னால் போகட்டும்."

ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சொன்னான்: "கவரியைக் கீழே போடு. இனி என் பக்கத்தில் நில். நான் தப்பாகப் பேசும்போதெல்லாம், இதே மாதிரி நடுங்கிக்கொண்டே சொல்."

தளவாய் கல் சுமந்ததை ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. மாசானம் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கி அடுக்கினான். வடிவுக்குப் பெண் பிறந்தது. அந்தக் கரை அதற்கப்புறம் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்துவிட்டது, அசையவில்லை. உள்ளே கல் இருக்கிறது, மண் இருக்கிறது. ஆள் ஒருத்தரும் இல்லை.