நூற்று அறுபத்தேழு வரிகள்

"சாமி, இது பகா எண். வேற எதாலயும் பிரியாது. இன்னிக்காவது காவி குடுங்க. என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க," என்றார் பிச்சாண்டி.

அந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துறவு கேட்டு வருகிறவருக்குக் குரு ஓர் எண்ணைக் கொடுப்பார். அதன் இயல்பைச் சரியாகச் சொன்னால் காவி. தப்பாகச் சொன்னால் வீடு.

பிச்சாண்டிக்குக் கிடைத்தது 9,99,001.

குரு அவரைவிட இருபது வயது இளையவர். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒற்றைப்படையா?"

"ஒற்றைப்படை."

"வர்க்க எண்ணா?"

"இல்லை சாமி. ஆயிரத்தோட வர்க்கத்துக்கு 999 குறையுது."

"பகா எண்ணுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"பத்து லட்சத்துக்கு உள்ள இருக்கிற எண். பிரியும்னா, ஆயிரத்துக்குள்ள இருக்கிற ஏதாவது ஒரு பகா எண்ணால பிரிஞ்சாகணும். வகுத்துப் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் மீதி வருது. சமையல்கட்டுச் சுவர்ல வரிசையா எழுதி வச்சிருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன் சாமி," என்றார் சமையல் பார்க்கும் சீடர் சடையன். "கரியெல்லாம் சுவத்துலதான் இருக்கு. அடுப்புக்கு இல்லை."

குரு எழுந்து போய்ப் பார்த்தார். கணக்கைப் படிக்கவில்லை. விரலை வைத்து வரிகளை மட்டும் எண்ணினார். வெகுநேரம் ஆயிற்று.

"நூற்று அறுபத்தேழு."

"ஆமாம் சாமி."

"ஆயிரத்துக்குள்ள பகா எண் நூற்று அறுபத்தெட்டு."



குருவின் விரல் மறுபடி மேலே போயிற்று. இரண்டு. மூன்று. ஐந்து. ஏழு. பதினொன்று. பதிமூன்று. பதினேழு.

அடுத்த வரி இருபத்துமூன்று.

"பத்தொன்பது எங்கே?"

"அது வேணாம் சாமி."

"விட்டுப்போச்சா?"

"இல்லை. எழுதக் கை வரலை." பிச்சாண்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணு செத்த வயசு."

சடையன் கரண்டியைக் கீழே வைத்தார்.

குரு ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினார்.

"நூற்று அறுபத்தேழு தடவை மீதி வந்திருக்கு சாமி. இது ஒண்ணுல மட்டும் மாறிடவா போகுது?"

"வகுங்க."

பிச்சாண்டி எழுதினார்.

ஐந்து. மீதி நான்கு.

இரண்டு. மீதி பதினொன்று.

ஐந்து. மீதி பதினைந்து.

ஏழு. மீதி பதினேழு.

கடைசி இலக்கத்தை இறக்கினார். நூற்று எழுபத்தொன்று.

ஒன்பது என்று எழுதினார். கோடு போட்டார். கரித்துண்டு கோட்டுக்குக் கீழே போய் அங்கேயே நின்றது; எழுத மீதி இல்லை. விரலால் மேலிருந்து ஒருமுறை சரிபார்த்தார். இன்னொருமுறை பார்த்தார்.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

குருவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"அவளைப் பெத்தவ," என்றார் பிச்சாண்டி.