நானூற்றிருபது அடிக்குக் கீழே

அரியலூர்ப் பக்கம் நாற்பது ஊருக்கு நீரோட்டம் பார்த்துச் சொன்னவர் குஞ்சிதபாதம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். அது எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்பார். செங்கமலத்தின் மக்காச்சோளக் கொல்லையில் அப்படித் தேங்காய் நின்ற இடத்தில்தான் இப்போது ஆழ்துளை போடும் போர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நானூற்றிருபது அடி போயும் குழியிலிருந்து வெறும் புழுதிதான் புகைந்தது.

"ஐநூறு வரைக்கும் பாக்குறேன். அதோட நிறுத்திடுவேன்" என்று செங்கமலம் சொல்லியிருந்தாள். இருபதடிக் குழாய் இன்னும் நான்கு. அதற்குள் ஈரம் தட்டாவிட்டால், நாற்பது ஊரும் வேறு ஆளின் தேங்காயைத் தேடிப் போய்விடும். அவள் மனதை மாற்றியாக வேண்டும். குஞ்சிதபாதம் பேச ஆரம்பித்தார்.

குழாய்க்கு ஒன்றாக அள்ளிவைத்த கல்தூள் குவியல்கள் வண்டி ஓரம் வரிசையாக இருந்தன. சிவப்பு, மஞ்சள், பிறகு சிப்பித் துண்டு கலந்த வெள்ளை.

"இந்த வெள்ளை அடுக்கு கடல் கிடந்த காலம். கீழ போகப் போகப் பழசு. போன வருசம் ஒரு ஊர்ல இதே அடுக்குலேருந்து மீன் வந்துச்சு."

"கல்லாப் போன மீனுங்களா?" என்றான் வண்டியை இயக்கிய சின்னராசு, திருச்செங்கோட்டுக்காரன்.

"துள்ளுற மீன். பல கோடி வருசம் ஊறினதுல, குழம்புக்கு உப்பே போடல."

"அந்தத் தண்ணி எங்கண்ணே?" என்றாள் செங்கமலம்.

"கடல் தண்ணிம்மா. சோளத்துக்கு ஆகாது."

முதல் குழாய் இறங்கி முடிந்தது. தூள் சாம்பல் நிறமானது.

"ராட்சசப் பல்லி திரிஞ்ச அடுக்கு. ஒரு தடவை அதோட முட்டை குழாயில மாட்டிக்கிச்சு. கோயில் பந்தல் தகரத்தக் கழட்டிப் போட்டுத்தான் ஆம்லெட் சுட்டோம்."

"வெங்காயம்?"

"ஒரு லாரி. அதுவும் பத்தல."

இரண்டாவது குழாய். தூள் கறுத்தது.

"பூமியில முத மழை பெஞ்ச கல்லு. குழியில காது வச்சேன், அன்னைக்கு இடிச்ச இடி உள்ளயே சுத்திக்கிட்டிருக்கு. அதுலேருந்து இந்தக் காது மந்தம்."

"போன மாசம் மூணு தடவை கூப்பிட்டும் வராதது அதானா?" என்றாள் செங்கமலம். குஞ்சிதபாதத்துக்கு அதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது குழாயும் போனது. நான்காவதை மாட்டியபோது அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. கல்லின் வயதுகளை அள்ளி வீசியதில் கையில் இன்னும் ஒரே ஒரு காலம்தான் மிச்சம். அதையும் எடுத்துவிட்டார்.

"அடுத்தது பூமி ஆறாத காலம். பாறை இட்லி மாவாட்டம் கொதிக்கும். அதுல நான் பீடி பத்த வச்சிருக்கேன். ஐநூறு தாண்டினா பூமி பொறக்கறதுக்கு முந்தி. ஒண்ணுமே கிடையாது. ஒரு ஊர்ல குழாய் சும்மா தொங்குச்சு. எட்டிப் பாத்தா கீழ நட்சத்திரம்."

வண்டி முனகி நின்றது.

"ஐநூறு ஆயிப்போச்சுங்க" என்றான் சின்னராசு. புழுதி அப்போதும் காய்ந்தே வந்தது.

குஞ்சிதபாதம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னும் ரெண்டு குழாய் விடு தம்பி. தண்ணி அங்கதான் இருக்கு."

சின்னராசு செங்கமலத்தைப் பார்த்தான்.

"எதுல விடுறதுண்ணே? இதோட பூமி முடிஞ்சிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் அவள். "குழாயக் கழட்டு, தம்பி."