வரிசை குலையாத படை

ஊமத்தம்பாடிக்காரர்களுக்கு மூளை இருந்தது. தேய்ந்துவிடுமே என்று அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ராஜாக்கள் காலத்தில் ஒருமுறை, அக்கரைச் சிற்றரசன் மழவன் அவர்களுடைய மாடுகளை ஓட்டிப்போக வருவதாகச் செய்தி வந்தது. உழவுமாடும் கறவையுமாக அறுபது. அவை போனால் ஏர் இல்லை, விதைப்பு இல்லை, சோறும் இல்லை.

ஊரில் போர் தெரிந்தவர் தளபதி கொற்றனார் ஒருவர்தான். அவரோ பரணிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். படையின் நாற்பது பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"ரெண்டே விஷயம். என்ன நடந்தாலும் வரிசை குலையக் கூடாது. எதிரி வந்ததும் தோற்றவர்கள் மாதிரி ஓடுங்கள். அவன் மாட்டை விட்டுவிட்டுத் துரத்துவான். நெடுந்தூரம் போனதும் திரும்பி அடியுங்கள். வேறு எதையும் யோசிக்காதீர்கள்."

"அதைச் சொல்லவே வேண்டாம் ஐயா" என்றான் பூதன். படையிலேயே பருத்தவன் அவன்.

மந்தைவெளிக்குப் போனதும் படையில் ஒருவனான எயினனுக்குக் கவலை வந்தது. "நாற்பது பேர் ஓடும்போது வரிசை எப்படிக் குலையாமல் இருக்கும், அண்ணே?"

"நெல் மிதிக்கிற மாடு வரிசை குலைகிறதா?" என்றான் பூதன்.

"ஒரே கயிற்றில் பிணைத்துவிடுகிறோமே."

"மாட்டுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை பார்."

நாற்பது இடுப்பையும் ஒரே கயிற்றில் பிணைத்தார்கள். களத்து வழக்கப்படி, மெதுவாக நடக்கிறவன் உள்கோடியில். அது பூதன். வெளிக்கோடியில் எயினன்.

மழவன் ஆட்களோடு வந்தான். இவர்கள் ஓடினார்கள். பூதன் நின்ற இடத்தில் நிற்க, மற்ற முப்பத்தொன்பது பேரும் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மழவன் பாட்டுக்கு மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சுற்றில் எயினன் கத்தினான். "நில்லுங்கள்! அவன் துரத்தவே இல்லை!"

"அப்படியானால் திரும்பி அடிக்க உத்தரவு இல்லையே" என்றான் பூதன். "துரத்துவானா என்று அவனையே போய்க் கேட்டுவிட்டு வா."

"நான் அவிழ்த்துக்கொண்டு போனால் வரிசை குலையாதா?"

"கோடியில் இருப்பவன் போனால் குலையாது, குறையும்."

எயினன் மழவனிடம் போய்க் கும்பிட்டான். "ஐயா, ஒரு நாழிகை எங்களைத் துரத்த வேண்டும். தளபதி கால் ஒடிந்து கிடக்கிறார். இல்லாவிட்டால் மனசு நோவார்."

"மாட்டை யாருடா பார்த்துக்கொள்வது?"

"நான் பிடித்துக்கொள்கிறேன். நம்பிக் கொடுங்கள்."

மழவன் பல போர் கண்டவன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆசைக்கு ஆட்களோடு துரத்தினான். நாலு சுற்றுக்குப் பிறகு யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"இப்போது அடிக்கலாமா?" என்றான் ஒருவன்.

"நெடுந்தூரம் போனதும் என்றாரே? புறப்பட்ட இடத்தில்தானே இருக்கிறோம்" என்றான் பூதன்.

மழவனுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அந்த நேரம் முழுக்க அறுபது மாடும் எயினன் கையில். ஊர், கூப்பிடு தூரத்தில். எயினன் அசையவில்லை. மழவன் எழுந்து வந்ததும் மாடுகளை எண்ணி ஒப்படைத்து, ஆற்றில் ஆழமில்லாத துறையையும் காட்டிவிட்டு வந்தான்.

"மாடு எங்கேடா?" என்றார் கொற்றனார்.

"ஒன்றுகூடக் குறையாமல் கொடுத்துவிட்டேன், ஐயா."

கொற்றனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம், கன்றின் நினைப்பில் செவலைப் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றை நீந்தி ஊருக்குள் வந்து நின்றது. எயினன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஐயோ, அறுபது என்று எண்ணிக் கொடுத்தேனே! அங்கே ஒன்று குறையுமே! என் வாக்கு என்னாவது?"

"அழாதேடா. ஊர் மானத்தை விட்டுவிடுவோமா?" என்றான் பூதன்.

மறுபடி கயிற்றில் பிணைத்துக்கொண்டார்கள். பசு இனி ஓடிவராமல் இருக்கக் கன்றையும் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பூதன் கன்றைத் தோளில் சுமந்து முன்னே நடக்க, கன்றின் பின்னால் பசு போக, மற்றவர்கள் அதன் பின்னால் ஆற்றை நோக்கிப் போனார்கள்.

அன்றைக்குத்தான் ஊமத்தம்பாடிப் படை முதல் தடவையாக, வரிசை குலையாமல், நேராக நடந்தது.